கசடு

பள்ளித் தேர்வில் கசடு என்றால் குற்றம் என்றெழுதி
ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
டூயிஸ்பர்க்கில் அதைக் கிலோக் கணக்கில் நிறுக்கிறேன்.

இரும்பு உருகும்போது மேலே மிதப்பது;
தண்ணீர் பீய்ச்சி மணலாக்கி, மாவாய் அரைத்து
மூட்டையில் வருவது.
வெறும் தண்ணீருக்கு மசியாது.
காரக் கரைசல் ஊற்றினால்தான் வாய் திறக்கும்.

சிமென்ட் அப்படியல்ல. அவசரக்காரன்.
தண்ணீர் பட்டால் போதும், பிடித்துக்கொள்வான்.
ஆனால் அவன் பிறக்க
ஒரு மலையைச் சுட வேண்டும்;
சுண்ணாம்புக்கல் கோடி வருஷம் அடக்கிய மூச்சை
ஒரு பொழுதில் விட்டுவிட வேண்டும்.
அது எங்கே போகிறதென்று
இப்போதுதான் அண்ணாந்து பார்க்கிறோம்.

கால்வாய்மேல் ஒரு மிதிவண்டிப் பாலம்.
வடகரை அடித்தளத்துக்கு மட்டும்
சிமென்ட் ஒரு பிடிகூட இல்லாத கலவை.
கையெழுத்து ரோஸ்விதா ஹாகெடோர்னுடையது,
விகிதம் என்னுடையது.
ஆகவே நவம்பரில், ஊற்றிய மூன்றாம் நாள் காலை,
தளத்திலிருந்து மிரோஸ்லாவ் கூப்பிட்டபோது
தொலைபேசியை என்னிடம் நீட்டினார்கள்.
"உங்கள் களி இன்னும் வேகவில்லை, மேடம்."

போனேன். நான்கு டிகிரி. தூறல்.
பலகைகளுக்கு நடுவே படுத்திருந்தது
நாற்பது கன மீட்டர், என் பெயரில்.
கையுறையைக் கழற்றினேன்
(கழற்றக் கூடாது, காரம் தோலைத் தின்னும்;
சுவரொட்டியில் அதை எழுதியவளே நான்தான்).
கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன்.
பிறை விழுந்தது.

மிரோஸ்லாவ் அதைப் பார்த்தார்.
கிரேன் வாடகை நாளுக்கு ஆயிரத்து நூறு யூரோ என்றார்.
"சிமென்டாக இருந்திருந்தால்" என்று தொடங்கி
தூறலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
பிறகு அவரே போய்
சூடேற்றும் பாய்களை இழுத்து வந்தார்.
ஓரம் மடக்கி, செங்கல் வைத்து,
இரண்டு பேரும் அதைப் போர்த்தினோம்.

ஆய்வகத்தில் இதே கலவையின் கட்டிகள்
இருபது டிகிரிக் குளியலில்
ராஜகுமாரர்களாய்க் கிடந்தன.
ஏழாம் நாள் அவை காட்டிய எண்ணை
நான் நம்பவில்லை. நம்பத்தான் ஆசை.
ஊற்றிய அன்றே ஆறு கட்டிகளைத்
தளத்தில் விட்டிருந்தேன்,
அதே மழையில், அதே பாய்க்கடியில்.
இனி அவை சொல்வதுதான் சொல்.

இருபத்தெட்டாம் நாள்
மூன்றைக் காரில் ஏற்றி வந்தேன்,
முன் இருக்கையில், பெல்ட் போட்டு.
அழுத்தும் எந்திரம் மெதுவாக இறங்கியது.
முப்பது வேண்டும்.
இருபத்தாறில் ஒரு முனகல்.
ரோஸ்விதா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டார்.
இருபத்தொன்பது. வெடிப்பு இல்லை. முப்பது.
முப்பத்தொன்று புள்ளி நான்கில்
நாய் எலும்பைக் கடித்தது போல ஒரு சத்தம்.

உடைந்த கட்டியின் உள்ளே மயில்கழுத்து நிறம்.
கசடுக் கான்கிரீட் அப்படித்தான்;
காற்றுப் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும்.
வெளுப்பதற்குள் ஒரு துண்டைச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ரோஸ்விதா வேறொரு செய்தி சொன்னார்.
நமக்குக் கசடு தரும் உலையை
நாலு வருஷத்தில் அணைக்கப்போகிறார்கள்.
புகை நிற்கும். நல்லதுதான்.
கசடும் நிற்கும்.
அழுக்கின் மிச்சத்தில் சமைத்தவளுக்கு
அடுப்பே அணைவது நல்ல செய்தியா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் ஒரு சிறு மூட்டையை
மேசைமேல் வைத்திருந்தார். சுட்ட களிமண்.
எழுநூறு டிகிரி போதுமாம், மலை வேண்டாமாம்.
ஆனால் தண்ணீரைக் குடித்துத் தள்ளுமாம்.

அடித்தளத்தின்மேல் மண் நிரப்பியாயிற்று.
என் நகப்பிறை அங்கே கீழே இருக்கிறது,
அமாவாசையும் பௌர்ணமியும் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை மிரோஸ்லாவ் கூப்பிட்டார்.
"தென்கரைக்கும் களியா, மேடம்?"
"ஆமாம்" என்றேன், மூட்டையைப் பிரித்தபடி.
"இந்தத் தடவை சிவப்பு."